கேழ்வரகு மாவில் ஒரு முயல் காசு

காலை எட்டரை மணி. மலையூரான காவலூரில் பனி இன்னும் விலகவில்லை. கோகுலகிருஷ்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்த பன்னிரண்டு வெள்ளிக் காசுகளும் போய்விட்டன.

புழக்கத்துக்கான காசுகள் அல்ல. ஒவ்வொன்றிலும் வண்ணத்தில் ஒரு கார்ட்டூன் பொம்மை: தொப்பை முயல், கண்ணாடி போட்ட வாத்து, இப்படி. வெளிநாட்டில் அடித்த செட். மொத்தமாக இருந்தால்தான் மவுசு. ஓய்வு பெற்ற கூட்டுறவு அதிகாரி கோகுலகிருஷ்ணனும் வாணியம்பாடித் தோல் வியாபாரி உமர் ஃபாரூக்கும் சேர்ந்து வாங்கியது. தன் பாதியை எடுத்துப்போக ஃபாரூக் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால், பெட்டி காலி.

சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரி உள்ளே நுழைந்தபோது, கோகுலகிருஷ்ணன் வெள்ளைப் பருத்திக் கையுறையோடு காலிப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். எழவு வீட்டில்கூட மனுஷன் இவ்வளவு உருகமாட்டான். ஃபாரூக் ஓரமாக நின்று சலித்துக்கொண்டார். கையுறை போடாமல் இந்த ஆள் பெட்டியைத் தொட்டதே இல்லையாம். தான் ஒருமுறை வெறுங்கையால் காசைப் பிடித்ததற்கு ஒரு மாதம் பேசவில்லையாம்.

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு? வேலைக்காரி செல்லியம்மாதான். நேத்து சாயந்திரம்கூட இந்த ரூமப் பெருக்கினா."

சொல்லும்போதே கோகுலகிருஷ்ணன் மூக்கைச் சுளித்தார். பூஜை அறையில் கனத்த வெள்ளிக் குத்துவிளக்குகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சிவசங்கரி அதைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் செல்லியம்மாள் குடிசைக்குப் போவதற்குள் ஏட்டு அன்பரசன் அதைத் தலைகீழாகப் புரட்டியிருந்தார். துணிமணி வாசலில் கிடந்தது. பானை கவிழ்ந்து, களிக்கு வைத்திருந்த கேழ்வரகு மாவு மண்ணோடு மண்ணாகிவிட்டது. மாவுக்குள் கிடைத்த முயல் காசை அன்பரசன் பெருமையாக நீட்டினார். வட்டமான பிளாஸ்டிக் உறைக்குள் காசு பளபளத்தது. மாவு புகாதபடி உறையின் விளிம்பைச் சுற்றி டேப். டேப்பின் பசையில் வெள்ளைப் பஞ்சு இழைகள்.

விடியற்காலையில் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்ததாகவும், பானையில் என்ன இருந்தது என்றே தெரியாது என்றும் செல்லியம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை வேலைக்கு வைத்திருந்த இன்னொரு வீட்டுக்காரர் கூட்டத்தில் நின்றிருந்தார். இனிமேல் வரவேண்டாம் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனார். திருட்டுப் பட்டம் ஒட்டிக்கொண்டால் இந்த மலையில் அவளை யாரும் படியேற்ற மாட்டார்கள். ஜெயில் வேறு.

அன்பரசன் செல்லியம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக, சிவசங்கரி காசோடு கோகுலகிருஷ்ணன் வீட்டுக்குத் திரும்பினாள்.

"வெள்ளிக்கு ஆசப்பட்டவங்க குத்துவிளக்க விட்டுட்டு பொம்மைக் காச எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் டேப் சுத்த மாட்டாங்க. உருக்கப்போற வெள்ளியில மாவு பட்டா இன்னா, மண்ணு பட்டா இன்னா?"

கோகுலகிருஷ்ணன் காலிப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"ஒளிச்சு வெச்ச ஆளுக்குக் காசு மேல அவ்ளோ பாசம். டேப் ஒட்டும்போதுகூட கையுறையக் கழட்டல. பஞ்சு பசையில ஒட்டிக்கிச்சு. உங்க கட்டைவிரலக் காட்டுங்க சார்."

கையுறையின் கட்டைவிரல் நுனியில் நூல் பிய்ந்து தொங்கியது. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார்.

ஃபாரூக் பாதியைக் கொண்டுபோனால் செட் உடைந்துவிடும். திருடு போனது என்றால் அத்தனையும் தன்னிடமே தங்கும். போலீஸ் நம்புவதற்கு ஒரு திருடி வேண்டும். போலீஸ் கையில் சிக்கும் அந்த ஒரு காசையும் கேஸ் முடிந்ததும் எப்படியாவது வாங்கிவிடலாம். செல்லியம்மாள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து வைத்துவிட்டு வந்தாராம். மற்ற காசுகள் பீரோவில், செத்துப்போன மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருந்தன. ஃபாரூக் அவரைப் பார்க்கவே பிடிக்காமல் வெளியே போனார்.

"அந்த டேப்ப பாத்துப் பிரிக்கச் சொல்லுங்கம்மா," என்றார் கோகுலகிருஷ்ணன். "உறையில கீறல் வுழுந்துடும்."

பொம்மை முயல் மேல் மாவு படக்கூடாது என்று பார்த்த கை, ஒரு ஏழையின் வயிற்றில் அடிக்கக் கூசவில்லை.

ஸ்டேஷனில் செல்லியம்மாளிடம் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாள். அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தான் ஒருநாளும் பார்த்ததில்லை என்றாள்; அந்தக் காசைக் காட்டச் சொன்னாள். காசை வாங்கி வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"இந்தப் பொம்மைக்கா என் வூட்டக் கலைச்சீங்க?"

கேட்டது கோகுலகிருஷ்ணனை அல்ல, சிவசங்கரியை. அவளுக்குத் தன் காக்கிச் சட்டை மேலேயே அருவருப்பாக இருந்தது.