சுவரைப் பார்த்து நிறுத்திய கார்

கதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பழுதறிக்கை எழுதியே பழகிய கை இது. பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அக்காள் கணவரின் பட்டறையில் கார்களின் பழுதைக் கணினிக் கருவியில் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு நண்பகலில் செவிலியர் ஒருவர், வாடகை ஓட்டுநரை அமர்த்தி, காலமான தம் கணவரின் ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுவந்தார். நிறுத்தி வைத்தால் தானாகப் பின்னால் நகர்கிறது என்றார்.

“ஆட்டோமேட்டிக்னா கியர் தானா மாறணும்தான். அதுக்காக ஆளே இல்லாம மாறினா எப்படி?” என்று சிரித்தார் அத்தான்.

கியர் ஆயிலின் அளவுகோலை உருவி முகர்ந்தார். கருகல் இல்லை, சிவப்பு நிறமும் கெடவில்லை.

“புதுசா பூசின சுவர் மாதிரி வாடை வருது, மாப்ளே.”

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். இத்தகைய கார்கள் முன்னால் பாய்ந்துவிடலாம் என்று அஞ்சி, முகப்பைச் சுவரோரம் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைப்போம். பின்னால் வைத்ததே இல்லை.

கியர் லிவர் P-யில், அதாவது நிறுத்தத்தில், இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கருவித் திரையிலிருந்த P, மெல்ல R ஆயிற்று; பின்னோக்கிச் செல்லும் கியர்.

லிவர் அசையவில்லை.

“கேபிள் தளர்ந்திருக்கும். எப்பலேருந்து இப்படின்னு அந்தம்மாகிட்ட கேளு. நான் பின்னால லைட் எரியுதான்னு பாக்கறேன்.”

முன்னறையில் செவிலியர், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் பிடித்திருந்தார்.

“அவர் போன நாள்லேருந்து,” என்றார். “வீட்டுச் சுவரைப் பாத்து நிறுத்தினார். முன்னால போற கியர், D-லயே விட்டுட்டு இறங்கி, கீழ விழுந்த சாவியை எடுக்க முன்னால போனார். கார் அவரைச் சுவரோட சேத்து அழுத்திடுச்சு.”

நான் அப்போதே ஓடியிருக்க வேண்டும். பேசுகிறவரை இடைமறிப்பது பண்பன்று என்று நின்றேன்.

“ரொம்ப நேரம் உயிர் இருந்துச்சு, தம்பி. ‘பின்னால எடு, பின்னால எடு’ன்னு கெஞ்சினார். எனக்கு ஓட்டத் தெரியாது.”

பட்டறையில் எஞ்சினின் ஒலி மாறியது.

ஓடினேன்.

ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை. கார் அவசரமின்றி, மிகுந்த கவனத்தோடு, சுவரைவிட்டு விலகி வந்தது. ஓர் ஆள் நழுவி வெளியேறும் அளவுக்கு இடம் விட்டு நின்றது.

அந்த இடம் முன்பக்கம் இருந்தது. பின்பக்கம் இரும்பு மேசை. இடையில் அத்தான்.

“முன்னால எடு, மாப்ளே.”

எனக்கு ஓட்டத் தெரியும். D-யில் போட்டு மிதித்தேன்.

திரையில் R.

“முன்னால எடு.”

மறுபடி போட்டேன். R.

மூன்றாம் முறை அவர் உதடுகள் மட்டும் அசைந்தன.

காரைச் செவிலியர் திரும்பப் பெறவில்லை. கியர்பெட்டியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை வைத்துப் பட்டறையைப் பூட்டினேன். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். சில வாரங்களில் அது பின்னால் நகர்ந்திருக்கிறது.

சில வாரங்களில் முன்னால்.

இழந்தவை: அத்தான், வயது நாற்பத்தொன்று. பட்டறை ஒன்று. அக்காள் என்னோடு பேசிவந்த பேச்சு, முழுவதும்.