இடைவெளியில் பதில் சொன்னவன்

இந்தக் காலத்து மனிதர்களுக்குச் செத்தவர்களைச் சும்மா விடத் தெரிவதில்லை. படத்தை மாட்டினோமா, அழுதோமா, வேலையைப் பார்த்தோமா என்று இல்லை. பல் தேய்ப்பதைக்கூடப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிற கூட்டம், போய்ச் சேர்ந்தவளை மட்டும் விட்டுவைக்குமா? பெரியவரின் மருமகன் மாமியார் குரலையே தூக்கி இணையத்தில் வைத்துவிட்டான்.

அவள் உயிரோடு இருந்தபோது மகளுக்குப் போனில் விடுகதை பேசி அனுப்புவாள். மருமகன் ஆபீஸ் முடிந்த நேரத்தில் பொழுதுபோக்காக அதற்கொரு பக்கம் கட்டினான். பட்டனைத் தொட்டால் அவள் கேட்பாள், கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், பிறகு அவளே விடையையும் சொல்வாள்.

அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் எவனோ செருமினான்.

"யாரு மாப்ள இது?"

"எங்க மாமா?"

"என் பொண்டாட்டி பேசுற இடத்துல எவனோ தொண்டையக் கனைக்கிறான்."

மருமகன் தன் கம்ப்யூட்டரில் இருந்ததைப் போட்டுக் காட்டினான். வெறும் ஃபேன் சத்தம். பெரியவர் தன் போனில் அதே விடுகதையைத் தொட்டார். செருமல். மருமகனின் முகம் மாறியது.

"புரோகிராமையும் இந்த ஃபைல்களையும் ஒரே மூட்டையாக் கட்டித்தான் சர்வருக்கு ஏத்துறேன் மாமா. ஏறினப்புறம் உள்ள யாரும் கை வைக்க முடியாது. கேக்கத்தான் முடியும்."

"மூட்டையப் பத்தி எனக்கே பாடமா?"

பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றியே முதுகு வளைந்தவர் அவர். மூட்டை வழியில் இளைக்கும். சீல் உடையாமலேகூட இளைக்கும். ஆனால் பெருத்து வந்து இறங்கிய மூட்டையை அவர் கண்டதில்லை.

"அளவு கூடித்தான் இருக்கு," என்று மருமகன் திரையைப் பார்த்து முனகினான். "பழசு எதையோ சேத்துக் கட்டிட்டேன் போல. மொத்தமா அழிச்சிட்டு மறுபடி ஏத்துறேன்."

ஏற்றினான். இந்த முறை செருமல் இல்லை.

"கூடவே வருவான், கூப்பிட்டாப் பேசமாட்டான். யாரு?" என்று அவள் கேட்டாள்.

"நிழல்," என்றது நிதானமான ஓர் ஆண்குரல்.

"அட, சரியாச் சொல்லிட்டியே நீ!"

சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு அவளிடம் இருந்ததே பெரியவருக்குத் தெரியாது. அவரிடம் வாங்க, போங்க, சாப்பிடுங்கதான். நீ என்று ஒருநாளும் சொன்னதில்லை. பேய், பிசாசு என்று பயப்படுவதற்கு முன்னால் அவருக்கு வயிறு எரிந்தது.

"உங்க ஆபீஸ்காரன் எவனாச்சும் விளையாடுறானா?"

"இல்ல மாமா." மருமகன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தான். "பக்கத்தையே இணையத்துலேருந்து இறக்கிடட்டுமா?"

"தொடாதீங்க. அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

மறுநாள் சாயங்காலம் மகளும் மருமகனும் கடைக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் தகரத்தில் மழை விட்டுவிட்டுத் தட்டுவதையும், ஃபிரிட்ஜ் உறுமி அடங்குவதையும், நனைந்த கால்மிதியிலிருந்து கிளம்பும் புழுங்கல் வாடைக்கு நடுவே, எப்போதோ காலி செய்து துடைத்து வைத்த அவள் அலமாரிப் பக்கமிருந்து அவளுடைய பவுடர் வாசனை மெல்லக் கசிவதையும் கவனித்தபடி, பெரியவர் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பட்டனைத் தொட்டார்.

"கூடவே வருவான், கூப்பிட்டாப் பேசமாட்டான். யாரு?"

இடைவெளி. அங்கே ஒரு நாற்காலி இழுபட்டது. எவனோ மூச்சை உள்ளே இழுத்தான்.

பெரியவர் முந்திக்கொண்டார்.

"நிழல்! நிழல்டீ! நான் சொல்றேன்!"

மழைகூட ஒரு கணம் வாயை மூடியது.

"யாரது?" அவள் குரல். பயந்த குரல்.

"யாருமில்ல," என்றான் அவன். "நீ அடுத்தத கேளு."

பெரியவர் போனை அணைத்தார். திரை கறுத்தது.

அவள் அடுத்ததைக் கேட்டாள்.

போனிலிருந்து அல்ல. படுக்கையறையிலிருந்து. பவுடர் வாசனை இப்போது முகத்திலேயே அடித்தது. நாற்காலி இழுபட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்.

செருப்பைத் தேடவில்லை. கதவைத் திறந்துபோட்டு வெறுங்காலோடு மழையில் இறங்கினார்.

"எல்லாம் மாப்ள வேலை," என்றார், யாரிடமோ. "எதையோ மாத்திக் கட்டிட்டு, என்னை ஏமாத்தப் பாக்குறான்."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. வீட்டில் ஆளிருக்கும்போது சாத்துகிற மாதிரி. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் திரும்பவில்லை.

"வழியில மூட்டை பெருக்காது," என்று முனகிக்கொண்டே தெருவில் நடந்தார். "எவன் சொன்னாலும் பெருக்காது."