மேடையில் ஒரு பச்சை கேப்சூல்

டாக்டர் ரவிதேஜா விழுந்தபோது கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

விழுந்த பிறகும் தட்டியது.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டல். ஏ.சி. ஹால். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு பேனர். 'உயிர்க்கொடி... புற்றுநோயைத் தடுக்கும் மூலிகை!'

ரவிதேஜா ஒரு பச்சை கேப்சூலை இரண்டு விரல்களில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஊருக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் சாப்பிடுகிறேன் என்றார். கேமராக்களைப் பார்த்தபடி வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். சிரித்தார்.

சரிந்தார்.

விளம்பரத்தில் இதுவும் ஒரு பகுதி போலிருக்கிறது என்று முன்வரிசையில் ஒருவர் நினைத்தார். எழுந்து நின்று தட்டினார்.

ஒரு வாரமாகவே ரவிதேஜாவுக்குத் தலைசுற்றல். அன்று காலை காரை விட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் கேட்டார், உடம்பு சரியில்லீங்களா என்று.

"பரவால்லீங்க."

தன் உடம்பைப் பற்றி அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். இந்த ஊரில் யாரும் உடம்பு முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதில்லை. நெஞ்சில் கத்தி நின்றாலும் பரவால்லீங்கதான்.

மாரடைப்பு என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் இளவேனில் அந்தப் பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. திருமலைசாமி. கம்பெனி சேர்மன். இறந்தவரின் மாமனார். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும், போஸ்ட்மார்ட்டம் அது இது என்று இழுக்க வேண்டாம் என்று மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

புகார் இல்லை. சந்தேகம் இல்லை. சரிங்க என்றாள் இளவேனில்.

போனை வைத்தபோது மேஜைக்கு எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் மடித்த லேப் கோட். முகத்தில் எதுவுமே இல்லை. அழுகை இல்லை, பயம் இல்லை.

"ரவிதேஜா சாரை நான்தாங்க கொன்னுபோட்டேன்."

எஸ்.ஐ. இல்யாஸ் டீ டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி அப்படியே நின்றார்.

பெயர் ஹர்ஷிணி. ரவிதேஜாவின் கீழே பிஎச்.டி. செய்பவள். அப்பா பொள்ளாச்சியில் தேங்காய் உரிக்கிறவர். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்.

"எப்படிக் கொன்னே?"

"டீயில கேன்சர் மாத்திரையப் பொடி பண்ணிக் கலந்து குடுத்தனுங்க. ஒரு வாரமா."

"கேன்சர் மாத்திரை மருந்துதானேம்மா? வெசமில்லையே."

"காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டு தெரியுமில்லீங்க? பஸ்ஸு உள்ள வருது. ஆள எறக்குது. வெளிய போகுது. மாத்திரையும் அப்படித்தானுங்க. உள்ள வந்து வேலையப் பாக்கும். அப்புறம் கல்லீரல் அதை ஒடச்சு வெளிய அனுப்பிரும். அங்க ஒரு நொதி இருக்குது. அதுதான் வெளிய போற கேட்டு."

"சரி."

"உயிர்க்கொடி அந்தக் கேட்டைப் பூட்டிப்போடுது. மாத்திரை தெனமும் உள்ள வருது. ஒண்ணும் வெளிய போறதில்லீங்க."

"ஸ்டாண்டு ரொம்பிரும்."

"ரொம்புனா மொதல்ல நிக்கறது இருதயமுங்க."

கடையில் விலை சொல்வது போலச் சொன்னாள். ரவிதேஜா உடம்பில் கேப்சூல் ஏற்கெனவே இருந்தது, மாத்திரை மட்டும்தான் பாக்கி, அதை நான் போட்டேன் என்றாள்.

அப்புறம் மிச்சத்தையும் அதே குரலில் சொன்னாள். ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் நிறையப் பேருக்கு, அவர்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்து இந்த கேப்சூலைக் கொடுத்துப் பரிசோதனை நடக்கிறது. நோய் குறைகிறது. ஆனால் குறைப்பது கொடி இல்லை. வெளியே போகாமல் உடம்பில் சேர்ந்துபோன மாத்திரை. கம்பெனி மூலிகையின் மகிமை என்கிறது. அப்புறம் ஒருநாள் நோயாளி உட்கார்ந்தபடியே செத்துப்போகிறார். கேன்சரில் போய்விட்டார் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

லேபில் இதைக் கண்டுபிடித்தவள் இவள். கிராஃபைக் கொண்டுபோய் ரவிதேஜாவிடம் மட்டும் காட்டினாள். அவர் அதை அழிக்கச் சொன்னார். 'வேறு மருந்துகளோடு மோதல் எதுவும் இல்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினாள்.

"அதுக்காகக் கொன்னியா?"

"ஆமாங்க. கேஸ் போடுங்க. ரத்தத்த டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. கேப்சூலுக்கெல்லாம் சீல் வெச்சுருவீங்கல்ல?"

இளவேனில் அவளை உற்றுப் பார்த்தாள். கொலைகாரர்கள் வக்கீல் கேட்பார்கள். தண்ணீர் கேட்பார்கள். சீல் கேட்டவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"இன்னொண்ணுங்க மேடம். காரமடையில பாப்பாயின்னு ஒரு பேஷன்ட்டு. நிறுத்துங்கன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கமாட்டீங்கறாங்க. அவங்கள மட்டும் இன்னிக்கே போய்ப் பாத்துருங்க."

உடல் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போனது. கேப்சூல் குடோனுக்கு சீல் வைக்க ஆள் போனது.

அடுத்த அரைமணியில் திருமலைசாமி வந்துவிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. இரண்டு தலைமுறை மில் முதலாளிகளின் நிதானம். இந்தப் பெண் உங்கள் மருமகனைக் கொன்றதாகச் சொல்கிறாள் என்று மட்டும் இளவேனில் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. ஹர்ஷிணியைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எங்கூட்டுப் புள்ளையாட்டமுங்க அம்மணி. சார் போன துக்கத்துல என்னமோ பேசுது. ஏங்கண்ணு, படிப்ப முடிச்சுப்போடு. பட்டத்துக்கு நானாச்சு."

ஹர்ஷிணி சுவரைப் பார்த்தாள்.

"நீங்களும் பெருசு பண்ணாதீங்க அம்மணி. மாத்திரையும் கேப்சூலும் ஒண்ணாச் சேந்து ஆளக் கொன்னுச்சுன்னா கோர்ட்டுல சிரிப்பாங்க. எங்க ஆராய்ச்சி வெளிநாட்டுப் பத்திரிகையிலயே வந்துருக்குதுங்க. மொதல் பேரு மாப்ளையோடது. ரெண்டாவது எம்பேரு."

செல்போனில் போட்டோ காட்டினார். அந்தக் கட்டுரையை ஃபிரேம் போட்டு ஆபீசில் மாட்டியிருந்தார்.

ஹர்ஷிணி பேரு எங்கீங்க என்று கேட்டாள் இளவேனில். கடைசி வரியில் நன்றி சொல்லியிருக்கிறோமே என்றார் திருமலைசாமி, பெருந்தன்மையாக.

மருமகனைக் கொன்றேன் என்கிறவளை விடச் சொல்லி மாமனார் கெஞ்சுகிறார்! இளவேனில் இல்யாஸை மட்டும் ஒருமுறை பார்த்தாள். அவரும் கேட்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் ஜீப் காரமடையில் நின்றது.

பாப்பாயி வாசலுக்கு வந்தாள். ஒரு கை நிலைப்படியை விடவில்லை. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது.

"வாங்க கண்ணு. உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?"

"ஒடம்பு எப்படீங்கம்மா இருக்குது?"

"பரவால்லீங்க. டாக்டரு புண்ணியத்துல நல்லாருக்கறனுங்க."

"தல சுத்துதுங்களா?"

"சித்த சுத்துமுங்க. நெஞ்சு படபடங்கும். அது கெடக்குது."

"இதையெல்லாம் கம்பெனி ஆளுங்ககிட்டச் சொன்னீங்களா?"

பாப்பாயிக்கு வெட்கமாகிவிட்டது.

"எப்படீங்க சொல்றது? காசு வாங்காம ஊடு தேடி வந்து மருந்து குடுக்கறாங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா நொட்டை சொன்னா நல்லாருக்குங்களா?"

இளவேனிலுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் இதே பதில். பரவால்லீங்க. அதை அப்படியே கூட்டி, பக்கவிளைவு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எவனும் பொய் சொல்லவில்லை. மரியாதை மட்டும்தான் செய்திருக்கிறார்கள்.

பாப்பாயியை ஜீப்பில் ஏற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நான் பஸ்சிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தப் பேப்பரைப் பார்த்த டாக்டர் நடக்கவில்லை, ஓடினார்.

பிழைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு கேப்சூல் உள்ளே போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று, ரிமாண்டில் இருந்த ஹர்ஷிணியைப் பார்க்க இளவேனில் ஜெயிலுக்குப் போனாள்.

"நீ சொன்னது சரிதாம்மா. ரவிதேஜா ரத்தத்துல அந்த கேன்சர் மாத்திரை இருக்குது. ஒரு ஆளுக்கு இருக்க வேண்டியதைப் போல பல மடங்கு."

ஹர்ஷிணியின் முகம் முதல்முறையாக அசைந்தது.

"இருக்காதுங்க."

"என்னது?"

"இருக்கவே இருக்காதுங்க மேடம். நான் டீயே குடுக்கல."

இளவேனில் கையிலிருந்த ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தாள்.

"எங்கையில டீ வாங்கிக் குடிக்கற ஆளில்லீங்க அவரு. லேப்ல என் டம்ளரே தனி."

"அப்புறம் எதுக்குடி கொன்னேன்னு வந்து நின்னே?"

"மருந்துப் பரிசோதனைய மேற்பார்க்கற நெறிமுறைக் குழுவுக்குப் புகார் குடுத்தேன். ரசீது குடுத்தாங்க. கலெக்டர் ஆபீசுல மனுக் குடுத்தேன். அங்கயும் ரசீதுதானுங்க. கொலைன்னாத்தான் நீங்க சீல் வெக்கறீங்க. சார் மாரடைப்புல போனாருன்னு நெனச்சேன். அந்தச் சாவு வீணாப் போகுதேன்னு எடுத்துக்கிட்டேன்."

இளவேனில் இருபது வருஷ சர்வீசில் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறாள். தூக்குக்கயிற்றை ரசீதுக்குப் பதிலாகக் கேட்கும் பொய்யைக் கேட்டதில்லை.

அப்படியானால் மாத்திரை...?

ரவிதேஜாவின் மனைவி லாஸ்யா கதவைத் திறந்தாள். பரிசோதனை முடிவைச் சொன்னதும் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மறைப்பதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

ரவிதேஜாவுக்கே ரத்தப் புற்றுநோய். ஒரு வருஷமாக. புற்றுநோயைத் தடுக்கும் மூலிகை விற்கிறவனுக்குப் புற்றுநோய் என்றால் கம்பெனி என்ன ஆகும்? பாலக்காட்டில் டாக்டரைப் பார்த்தார்கள். தினமும் காலையில் குளியலறைக்குள் போய் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார். மேடையில் காட்டும் கேப்சூலை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, கைக்குட்டையில் துப்பிவிடுவார்.

"அப்புறம் எதுக்குங்க நெஜமாவே முழுங்குனாரு?"

"பேஷன்ட்டுகளுக்கெல்லாம் நோய் சீக்கிரமாக் கொறையுதுன்னு ரிப்போர்ட்டு வந்துச்சுங்க. நாமளும் சேத்துச் சாப்பிட்டா என்னன்னாரு. ஒரு வாரமாச் சாப்பிட்டாரு. அந்தப் புள்ள வேண்டாம்னு சொன்னுச்சேன்னு நாந்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

லாஸ்யா தரையைப் பார்த்தாள்.

"தேங்கா உரிக்கறவன் புள்ளைக்கு என்ன தெரியும், தப்பாப் பண்ணியிருக்கும்... புஸ்தகத்துலயே மோதல் இல்லைன்னு வந்துருக்குதேன்னாரு."

தான் எழுதவைத்த பொய். அதை அச்சில் பார்த்ததும் அவரே நம்பிவிட்டார். அவள் பேச்சை ஒரே ஒருமுறை நம்பியிருந்தால் உயிரோடு இருந்திருப்பார்.

அதாவது, கொலைகாரி இல்லை. கொலையும் இல்லை. பிணம் மட்டும் இருந்தது. ரவிதேஜாவை விடுங்கள்... கேன்சரில் போய்விட்டார்கள் என்று எழுதி அனுப்பப்பட்ட அத்தனை பிணங்கள்.

மறுநாள் காலை இளவேனிலும் இல்யாஸும் சேர்மன் அறைக்குள் நுழைந்தார்கள். ஃபிரேம் போட்ட கட்டுரை நாற்காலிக்கு மேலே தொங்கியது. சாமி படத்தைவிட ஒரு சாண் உயரமாக.

திருமலைசாமி எழுந்து கும்பிட்டார். அந்தப் புள்ளையை விட்டாச்சுங்களா என்று கேட்டார். கொலை வழக்கில் விட்டாச்சு, பொய் வாக்குமூலத்துக்கு ஒரு கேஸ் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் இளவேனில்.

"அப்பச் சந்தோசமுங்க. காப்பி சொல்லட்டுங்களா?"

"காப்பி இருக்கட்டுங்க. அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? இந்தப் பொண்ணு கொன்னேன்னு சொல்லுதுன்னு மட்டுந்தானே? எதுல கொன்னான்னு சொன்னனா?"

அவர் யோசித்தார்.

"கத்தியா, கயிறா, ஒண்ணுமே நான் சொல்லலீங்க. மாத்திரையும் கேப்சூலும் சேந்துன்னு ஆரம்பிச்சது நீங்க."

வெள்ளை வேட்டி அசையவில்லை. முகம் மட்டும் வேட்டியின் நிறத்துக்கு வந்தது.

"அந்த ரகசியத்தக் கம்பெனிக்குள்ள ஹர்ஷிணி உங்க மாப்ளைகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்குது. அவரு உங்ககிட்டச் சொல்லியிருக்கறாரு. தெரிஞ்சுக்கிட்டேதான் ஊரெல்லாம் கேப்சூல் குடுத்தீங்க. அன்னிக்கு இல்யாஸும் பக்கத்துலதான் நின்னாரு."

இல்யாஸ் தலையாட்டினார்.

"அம்மணி... அதெல்லாம் மாப்ளையோட வேலைங்க. நான் எட்டாவதோட நின்னவன்."

"கட்டுரையில ரெண்டாவது பேரு உங்களதுதானுங்களே. மோதல் இல்லைன்னு சொன்ன மொதல் ஆளு போய்ச் சேந்துட்டாரு. அடுத்த ஆளு நீங்கதான்."

திருமலைசாமி சுவரில் தொங்கிய ஃபிரேமைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலிருந்தார்.

"மாப்ள கேட்டாரு, எம்பேரப் போட்டுக்கச் சொன்னனுங்க. சத்தியமா நான் அதைப் படிக்கவே இல்லீங்க அம்மணி."

"பரவால்லீங்க" என்றாள் இளவேனில். கதவைத் திறந்து பிடித்தாள். "சார்ஜ் ஷீட்டு வரும், அதை நிதானமாப் படிங்க. அதுல உங்க பேருதான் மொதல்ல வருது!"