பின்னால்... சுரிகா

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் தோகார் சினாகா அப்போதுதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். ஒரு வாய் கூட வைக்கவில்லை.

"சார்... எங்க பெரியப்பாவைக் குத்திட்டு ஓடிட்டான்... லாவெயான் தெரு... சீக்கிரம் வாங்க..."

பேசியவன் பிரமந்த்யோ. ஜகார்த்தாவில் வளர்ந்தவன். உறவில் ஒரு கல்யாணத்துக்காகச் சோலோ நகரத்துக்கு வந்திருந்தான்.

பெரியப்பா ஹர்தோனோ பழைய ஆயுதங்கள் சேகரிப்பவர். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டிக் வேட்டியோடு கண்ணாடிக்கு எதிரே கிடந்தார். நெஞ்சில் ஒரே குத்து.

ஆயுதத்தைக் காணோம்.

தோகார் அலமாரிகளைத் திறந்தார். அத்தனை வாளிலும் தூசி. கிணற்றில் ஆள் இறக்கினார். சேறுதான் வந்தது. கூரை ஓடுகளைக் கூடப் புரட்டியாயிற்று.

வெறுத்துப் போனார்.

பார்த்த சாட்சி ஒருத்திதான். ஹர்தோனோவின் மனைவி சேகர்நிங்ரும். அவள் பேசியதோ அரண்மனை ஜாவானிய மொழி. தோகார் சுமத்ராவின் பதாக் மலைக்காரர். ஜாவானிய மொழியில் நன்றி சொல்வதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதிர்ச்சியில் பெரியம்மாவுக்கு இந்தோனேசிய மொழியே வரவில்லை என்றான் பிரமந்த்யோ. அவளை ஒட்டி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஜாவானியத்தில் கேட்டுச் சொன்னான்.

"பின்னால... சுரிகா," என்றாள் அவள்.

சுரிகா! இந்தோனேசிய மொழியில் சந்தேகம். அது தோகாருக்கே தெரியும்.

"பின்னாலதான் சந்தேகம் வந்துச்சாம் சார்," என்றான் பிரமந்த்யோ.

யார் மேல் என்று கேட்டார். சுரிகா. என்ன பார்த்தாய் என்று கேட்டார். சுரிகா. தண்ணீர் வேண்டுமா என்றதற்கும் அதே பதில்தான்.

பெண்மணி கையை விடுவிக்கப் பார்த்தாள். பிரமந்த்யோ அதை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

தோகார் பொறுமை தீர்ந்து வாசலுக்கு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் வெனிங்கிடம் பொருமினார்.

"சந்தேகம், சந்தேகம்னு உயிரை எடுக்குது அந்தம்மா. எனக்கு இல்லாத சந்தேகமா?"

"என்ன வார்த்தை சார் சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னார்.

வெனிங் பாவைக்கூத்துக்காரர் மகள்.

"சார், அது சந்தேகம் இல்ல. கூத்துப் பாட்டுல வர்ற பழைய வார்த்தை. சுரிகான்னா குத்துவாள். இப்பல்லாம் கெரிஸ்னுதான் சொல்றோம். இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியாது."

வடமொழியிலிருந்து ஜாவாவுக்குக் கப்பலேறிய சொல் அது. நம் நிகண்டுகளில் கிடக்கும் சுரிகை அதன் உடன்பிறப்பு. அதே சொல் இந்தோனேசிய மொழியில் எப்படிச் சந்தேகமாயிற்று என்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை.

இதையெல்லாம் கேட்கத் தோகார் அங்கே நிற்கவில்லை. உள்ளே ஓடினார்.

பிரமந்த்யோ கல்யாண உடையில் இருந்தான். இடுப்புக்குப் பின்னால் உறையோடு செருகிய கெரிஸ். கல்யாணத்துக்குக் கிளம்பும் ஜாவா ஆண்கள் எல்லோர் முதுகிலும் இருப்பதுதான். சட்டைப் பொத்தானைப் போல யாரும் அதைக் கவனிப்பதில்லை.

வெனிங் பின்பக்கமாகப் போனாள். கைப்பிடியைப் பற்றி உருவினாள்.

அலையலையாய் வளைந்த இரும்பு. அதில் காயாத ரத்தம்.

பிரமந்த்யோ எழுந்தான். தோகார் அவனைத் தரையில் சாய்த்தார். சேகரிப்பு முழுவதையும் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைக்கப் போவதாக அன்று காலை பெரியப்பா சொன்னாராம். தனக்கு வரவேண்டியது கைவிட்டுப் போகிறதே என்று குத்தினானாம். கதவுக்கு வெளியே பெரியம்மா நின்றதைத் திரும்பும்போதுதான் பார்த்தானாம். அதன் பிறகு அவளை விட்டு அகலவே இல்லை.

அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

தோகார் சேகர்நிங்ரும் முன்னால் குனிந்து, கையசைத்துச் சைகை செய்து, எல்லாம் முடிந்தது என்று புரியவைக்கப் பார்த்தார்.

"காது நல்லாவே கேட்குது இன்ஸ்பெக்டர்," என்றாள் அவள், சுத்தமான இந்தோனேசிய மொழியில். "பள்ளிக்கூடத்துல நான் சொல்லிக் கொடுத்ததே இந்த மொழிதான்."

தோகார் நிமிர்ந்தார். "அப்ப ஏம்மா இவ்வளவு நேரம்..."

"கத்தி என் பக்கத்துல உட்கார்ந்திருந்துச்சு. அவனுக்குப் புரியாத வார்த்தையாத் தேடிப் பிடிச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போலீசும் அவனோட வகுப்புலதான் படிச்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"