வளைவுக்குள் இருபத்தாறு மீட்டர்

மேலே சாலையின் அகலத்தை ஜெயபிரகாஷ் இருமுறை அளந்திருந்தான். இருபக்கச் சுவரோடும் சேர்த்து ஆறு மீட்டர். ஆனால் பாலத்துக்கு அடியில் போன டேப் ஏழு மீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, அதிகம் வண்டி வராத சாலையில், வற்றிய ஓடையின் மேல் நின்ற பழைய கல்வளைவுப் பாலம் அது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அளவெடுக்க வந்திருந்தான். பக்கத்து மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த சென்னிமலையைத் துணைக்குக் கூப்பிட்டதும் அவன்தான். அவர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் நடக்க, ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த குளிர்ந்த வாடை முகத்தில் படிய, நடுப்பகல் வெயில் முதுகைச் சுட, ஜெயபிரகாஷ் டேப் பெட்டியோடு ஓடை மணலில் நின்றான். உள்ளே இருட்டு. அதற்கப்பால் மறுவாயின் வெளிச்சம்.

பத்து. பதினொன்று.

"ஏனுங்ணா, வெளிய போயிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க சார். உள்ளதான் நடக்கறேன்."

பாலத்தை இடிக்கக் கூடாதென்று டீக்கடையில் காலையிலேயே நாலு பேர் முறைத்திருந்தார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்து விளையாட்டுக் காட்டுகிறாரா? வெளியே போய்விட்டு உள்ளே இருப்பதாகப் பொய் சொல்கிறாரா? கையும் களவுமாகப் பிடித்துவிட நினைத்து, பெட்டியைக் கல்லிடுக்கில் செருகிவிட்டுச் சாலைக்கு ஏறினான். மறுபக்கச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான்.

வெறும் மணல். காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. டேப் நுனியும் இல்லை.

சரிந்து இறங்கி ஓடிவந்தபோது பெட்டி இன்னும் கரகரத்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு.

"அண்ணா, போதும். திரும்பி வாங்க."

பிறகு, வெகு தொலைவிலிருந்து:

"சார், என்ற கையப் புடிச்சிருக்கறது நீங்கதானுங்களே?"

இப்போதே உள்ளே ஓடினால் எட்டிவிடலாம். கால் நகரவில்லை. டேப்பைப் பிடித்து இழுத்தான். வந்தது. எடையே இல்லாமல்.

மறுவாயின் வெளிச்சம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதில் சென்னிமலையின் முதுகு. நடந்துகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கையையும் பிடித்தபடி, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர்.

இடப்பக்கம் இருந்த உருவம் நின்றது. உடம்பு திரும்பவில்லை. தலை மட்டும் முழுதாகப் பின்னால் திரும்பியது.

பிறகு, சும்மாயிருந்த தன் இன்னொரு கையை அவனை நோக்கி நீட்டியது.