மச்சான் பெயரில்

2006, நவம்பர் கடைசி. கம்ப்யூட்டரில் மக்ரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. வெளியே இருட்டிவிட்டது.

இர்ஃபான் பெட்டியோடு வாசலில் நின்றான். டெக்சஸிலிருந்து வருகிறான். மச்சான் இறந்து ஜனாஸாவுக்கு வந்து திரும்பியவன், தாங்க்ஸ்கிவிங் லீவோடு இன்னும் சில நாள் சேர்த்துப் போட்டு மறுபடி வந்திருக்கிறான். மில்பிடாஸில் அக்கா வீடு அப்படியேதான் இருந்தது. செருப்பு ஸ்டாண்டில் மச்சானின் ஷூ. கொக்கியில் மச்சானின் ஜாக்கெட். ஹாலில் ஈரத்துணி வாடை.

“மழையா லாத்தா?” என்று அக்காவைக் கேட்டான்.

“இல்லையே. அன்னைக்குப் பெஞ்சதோட சரி.”

அக்கா தாஜ் நிஷா இத்தாவில் இருந்தாள், கணவனை இழந்தவள் மறைவில் இருக்கும் காலம். வெள்ளைச் சேலை, வெள்ளை முக்காடு. வெளியே போவதில்லை. வாசலில் தபால்காரரின் காலடி கேட்டால்கூட முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தம்பிதானே என்று இப்போது எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“நீ எனக்கு ஒரு ஃபோன் பேசித் தரணும்” என்றாள்.

மச்சான் ஹாஜா நஜ்முதீனுக்கு லிவர்மோரில் வேலை. நெட்வொர்க் செக்யூரிட்டி. அன்று மழையில் மலைச்சாலையில் வரும்போது, சுனோல் இறக்கத்தில் கார் உருண்டது. போலீஸார் காரைக் காட்டினார்கள். பர்ஸைக் கொடுத்தார்கள். செல்ஃபோன் மட்டும் கிடைக்கவில்லை.

“அன்னைக்குக் காலையில சண்டை” என்றாள் லாத்தா. “உங்க வாய்ஸ்மெயில் நம்பரச் சொல்லுங்கன்னு சும்மாதான் கேட்டேன். பாஸ்வேர்டுல புருஷன் பொண்டாட்டி கிடையாதுன்னாங்க. பொண்டாட்டிக்குச் சொல்லாத ரகசியம் என்ன வச்சிருக்கீங்கன்னு கத்திட்டேன். சாப்பிடாமப் போயிட்டாங்க.”

“சரி லாத்தா, விடு.”

“சாயங்காலம் மனசு கேக்கல. கூப்பிட்டேன். எடுக்கல. மெசேஜ் வச்சேன்.”

அவள் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அத அவங்க கேட்டாங்களா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணும்டா. கேட்டிருந்தா ஓல்டு மெசேஜ்னு சொல்லும். கேக்கலன்னா நியூ மெசேஜ்னு சொல்லும். அந்த நம்பர் இல்லாம உள்ள போக முடியல.”

“மச்சான் மௌத்துன்னு ஃபோன் கம்பெனில சொல்லிக் கேட்டியா?”

“டெத் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. அது இன்னும் வரல. சொன்னதும் லைனையே க்ளோஸ் பண்ணிட்டாங்கன்னா?”

இர்ஃபானுக்குப் புரிந்தது. டெக்சஸில், ஆலனில் பேச்சிலர்களாகத் தங்கியிருந்தபோது அறையில் எல்லாருக்கும் அவரவர் பெயரில் அவன்தான் ஃபோன் பேசுவான். அவனுக்குத்தான் அமெரிக்க உச்சரிப்பு வரும். பேங்க், கேபிள், கரண்ட், எதற்கும் அவன்தான். ஒரு நாள் சேனாபதியாக, ஒரு நாள் நஞ்சப்பனாக. அதைக் கேள்விப்பட்டால் மச்சானுக்குக் கோபம் வரும். “உயிரோட இருக்கிறவன் பேர அவன்தான்டா சொல்லணும். நீ சொல்லாதே.”

இப்போது அந்தப் பேருக்கு ஆள் இல்லை.

லாத்தாவின் மகள் இஸ்ரத் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயது.

“மாமு, ஆர் யூ கோயிங் டு பி வாப்பா ஆன் த ஃபோன்?”



இர்ஃபான் வீட்டு ஃபோனில் செல்ஃபோன் கம்பெனியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். யார் பேசுவது என்று கேட்டாள்.

“ஹாஜா நஜ்முதீன்” என்றான்.

சொன்னதும் வாய்க்குள் குளிர்ந்தது. தண்ணீர் குடித்தான்.

பிறந்த தேதி சரி. சோஷியல் செக்யூரிட்டி கடைசி எண்கள் சரி. பிறகு அவள், அக்கவுன்ட்டில் ஒரு ரகசிய வார்த்தை இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றாள்.

இஸ்ரத் என்றான். தவறு. ஊர்ப் பேரைச் சொன்னான். தவறு. இனி இன்றைக்கு முயல முடியாது, உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றாள் அவள்.

லாத்தா சிரித்தாள். அவன் வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

“கல்லுளிமங்கன்” என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மாலை இஸ்ரத்தைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூட்டிப் போயிருந்தார். தொழுதுவிட்டு இர்ஃபான் மறுபடி கூப்பிட்டான். வேறொரு பெண். வயதான குரல்.

“ஹாஜா நஜ்முதீன் பேசுகிறேன்.”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“சார், நீங்கள் அவர் இல்லை.”

“என்ன?”

“நேற்று நீங்கள் பேசி முடித்ததும் அவர் கூப்பிட்டார். யாரோ தன் பெயரில் பேசுவதாகச் சொன்னார். இனி யாராவது தன் பெயரைச் சொன்னால் நம்ப வேண்டாம் என்று குறிப்பு இருக்கிறது.”

இர்ஃபானின் கை ஈரமாக இருந்தது. துடைத்தான். மறுபடி ஈரமானது.

“யாரோ ஃபோனை எடுத்திருக்கான்” என்று லாத்தாவிடம் கிசுகிசுத்தான். “திருட்டுப் பய.”

“இத்தனை நாள் சார்ஜ் நிக்குமா?” என்றாள் லாத்தா.

ஸ்பீக்கரில் அந்தப் பெண் சொன்னாள்: “அவருடைய மனைவியோடு மட்டும்தான் நான் பேசலாம். நேற்று அவரே அந்தப் பெயரைச் சேர்த்திருக்கிறார். தாஜ் நிஷா.”

லாத்தா ஃபோன் பக்கம் குனிந்தாள்.

“நான்தான். அவர் மனைவி.” சற்றுப் பொறுத்து, மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள்: “அவர் இறந்துவிட்டார். இந்த மாதத் தொடக்கத்தில்.”



“மன்னிக்க வேண்டும், மேடம். நேற்று அவர் அழைப்பை எடுத்தது நான்தான். அவருடைய ஃபோனிலிருந்துதான் வந்தது. ரகசிய வார்த்தையைச் சரியாகச் சொன்னார்.”

“குரல் எப்படி இருந்தது?”

“சரியாகக் கேட்கவில்லை. பின்னால் மழைச் சத்தம். காருக்குள் இருக்கிறீர்களா என்று கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?” லாத்தா தமிழிலேயே கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

“இன்னும் காருக்குள்தான் என்றார்.”

ஹாலில் அந்த வாடை கூடியது.

ஈரத் துணி. ஈரத் தோல். சேறு.

இர்ஃபான் லைனைத் துண்டிக்கக் கை நீட்டினான். லாத்தா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள்.

“மேடம், வாய்ஸ்மெயிலுக்குப் புது எண் போடவா? உங்களுக்குக் கொடுக்கும்படி அவரே சொல்லியிருக்கிறார்.”

“போடுங்க.” பிறகு கேட்டாள்: “அதில் ஒரு மெசேஜ் இருக்கும். அதைக் கேட்டாரா?”

“ஒரு மெசேஜ் இருக்கிறது. கேட்டிருக்கிறார்.”

லாத்தா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

“எப்போ?” என்று கேட்டாள்.

கேட்டிருக்க வேண்டாம் என்று இர்ஃபானுக்குத் தோன்றியது.

“நேற்று, மேடம். எங்களோடு பேசி முடித்த பிறகு. அதுவரை புதிதாகவே இருந்திருக்கிறது.”

லாத்தா நன்றி சொன்னாள். லைன் அறுந்தது.

ஃப்ரிட்ஜ் ஓடி நின்றது. தெருவில் ஒரு கார் போனது.

“அப்ப, அன்னைக்குக் கேக்கல” என்றாள். “கோபத்தோடயேதான் போயிருக்காங்க.”

“லாத்தா, எவனோ விளையாடுறான். போலீஸ்ல சொல்லலாம். நான் நேத்து அவங்க பேரச் சொல்லியிருக்கக் கூடாது.”

“என்கிட்ட நம்பரக் கொடுத்துட்டாங்க, பாத்தியா?”

அவள் வாய்ஸ்மெயிலுக்கு அடித்தாள். புது எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினாள். புது மெசேஜ் ஏதும் இல்லை என்றது இயந்திரம். சேமித்த மெசேஜ் ஒன்று. பிறகு அவளுடைய குரலே ஹாலில் கேட்டது. இப்போது இருக்கும் குரலைவிட இளமையாக இருந்தது.

“நான்தான். கோபம் போயிடுச்சா? உங்க நம்பர் எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்களே வச்சுக்கோங்க. மழை பெய்யுது, மெல்ல வாங்க. ஆனா வந்துடுங்க. எக்ஸிட்ல எறங்கினதும் மிஸ்டு கால் கொடுங்க, கல்லப் போடுறேன்.”

தினமும் அதுதான் வழக்கம். செல்ஃபோன் நிமிஷம் வீணாகாமல் இருக்க, ஃப்ரீவேயிலிருந்து கலவேராஸ் எக்ஸிட்டில் இறங்கியதும் மச்சான் வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவார். அவர் காரை நிறுத்தி உள்ளே வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும்.

மெசேஜ் முடிந்தது. லாத்தா ஃபோனை வைத்தாள்.

வைத்ததும் அது அடித்தது.

ஒரு ரிங்.

நின்றுவிட்டது.

இர்ஃபான் காலர் ஐடியைப் பார்த்தான். சிறிய பச்சை வெளிச்சத்தில் அந்தப் பெயர். நேற்று அவன் தன் வாயால் சொன்ன பெயர்.

“லாத்தா. தொடாதே.”

அவள் ஃபோனைத் தொடவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். கல்லைப் போட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து மாவை எடுத்தாள்.

“லாத்தா, யாரும் வரல. கேளு. யாரும் வரமாட்டாங்க.”

கல் சூடேறும் மணம் வந்தது. அதற்கு மேலே அந்த ஈர வாடை. இர்ஃபான் ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடி உலர்ந்திருந்தது. நட்சத்திரங்கள் தெரிந்தன.

மாவு கல்லில் விழுந்து சீறியது.

கராஜ் கதவு ஏறும் சத்தம்.

இறங்கும் சத்தம்.

பிறகு காலடி. மிதியடியில் ஈர ஷூவைத் தேய்க்கும் சத்தம், பொறுமையாக, முதலில் ஒரு கால், பிறகு இன்னொன்று.

இர்ஃபான் சுவரோடு ஒட்டி நின்றான். லாத்தாவைப் பார்த்தான். அவள் முக்காட்டை இழுத்துவிடவில்லை. உள்ளே போகவுமில்லை.

தோசையைத் திருப்பிப் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

“ரொம்ப நனைஞ்சிட்டீங்களா?”