அக்காவின் புருவச் சுருக்கம்

அப்பா இறந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் அக்கா மூன்று முறை கேட்டுவிட்டாள்.

"உனக்கு வயிறு ஒண்ணும் பண்ணலையே?"

முதல் முறை ஆஸ்பத்திரி வராந்தாவில். தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா போன பிறகு தலை வாரிவிட்டு வளர்த்தவள் அல்லவா. இரண்டாம் முறை, வீடு திரும்பும்போது காரில். மூன்றாம் முறை, போலீஸ்காரர் மேசைமேல் இருந்த கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு.

"சூப்பை முழுசா குடிச்சியா நீ?"

அப்பா குடித்த கிண்ணத்தில் மட்டும்தான் விஷமாம். அவர்மேல் யாருக்காவது ஆத்திரம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள் இருவரும். அது உண்மைதான். சமையல்காரம்மாவை விசாரிக்க அழைத்துப் போனார்கள். பரிமாறியது அக்கா.

இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, விளக்குப் போட இருவருக்குமே தோன்றவில்லை, உள்ளே குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, கழுவிவிட்ட தரையின் பினாயில் வாடையையும் மீறி நேற்றைய மிளகு வாசனை மூக்கில் ஏறியது, சமையலறைச் சுவரில் அக்காவின் நிழல் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தது.

காய்ச்சல் ஒன்று வந்துபோனதிலிருந்து அப்பாவுக்கு நாக்கில் ருசியே கிடையாது. தீய்ந்தது, உப்புக் கரித்தது எல்லாம் அவர் பக்கம் போகும். "இந்த வீட்டுக் குப்பைத்தொட்டி நான்தாம்மா, தள்ளு இப்படி" என்று கிண்ணத்தை மாற்றிக்கொள்வார். எட்டு வருஷம் புருஷன் வீட்டில் இருந்துவிட்டு, போன மாதம்தான் கோபித்துக்கொண்டு வந்த அக்காவுக்கு இது தெரியாது. நேற்று அந்த நேரம் அவள் ஸ்பூன் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

வீடு சின்னவளுக்கு என்று அப்பா சொன்னபோது, "அவளுக்குத்தானே, இருக்கட்டும்" என்று சிரித்தவள்.

சொல்லிவிடலாம். சொன்னால் அக்கா பதறுவாள். ஐயோ, உனக்கா வெச்சாங்க என்று கட்டிக்கொள்வாள். பதறினால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

குழாய்ச் சத்தம் நின்றது.

அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தை. பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். ஈர விரல். நாடியின் மேல்.

"நிஜமா ஒண்ணும் பண்ணலையா? தலைசுத்தல்கூட?"

"இல்லக்கா."

அக்கா விரலை எடுக்கவில்லை.

"நான் குடிக்கல. ஒரு வாய் வெச்சேன், கசந்துச்சு. துப்பிட்டேன். அப்பா மாத்திக்கிட்டார். அவர் குடிச்சது என் கிண்ணம், அக்கா."

அக்கா பதறவில்லை. நேற்றிரவிலிருந்து அவள் புருவங்களுக்கு நடுவே கிடந்த சுருக்கம் மெல்ல, மெல்ல அவிழ்ந்தது.

"அதானே பார்த்தேன்," என்றாள்.

மணிக்கட்டை விடவில்லை.